ஒன்பது மாதக் காளைக்கு ரப்பர் வளையம் வேண்டாம்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து பகுதியில் கொஞ்சம் மேய்ச்சல் நிலம் வாங்கி ஆங்கஸ் மாடுகள் வளர்க்கிறோம். இறைச்சிக்காகத்தான். கன்றுகளை 20 மாதம் வரை புல்லிலேயே வளர்த்து விற்பதாகத் திட்டம். இப்போது நான்கு காளைக்கன்றுகள் இருக்கின்றன. இரண்டுக்கு ஐந்து வாரம், ஒன்றுக்கு நான்கு மாதம். இன்னொன்று நிலத்தோடு சேர்த்து வாங்கியது, ஒன்பது மாதம் ஆகிறது. கிடேரிகளும் அதே மேய்ச்சலில்தான் நிற்கின்றன. தடுப்பூசி போட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வருகிற சனிக்கிழமை ரப்பர் வளையம் கொண்டுவந்து நான்கையும் காயடித்துத் தருவதாகச் சொல்கிறார். எங்களோடு இருக்கும் அப்பா தாராபுரம் பக்கம் காங்கேயம் மாடு வளர்த்தவர். "ரெண்டு பல் போடட்டும், அதுக்கு முன்னாடி காயடிச்சா மாடு தேறாது" என்கிறார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. காயடிக்கவே கூடாது என்று அழுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சனிக்கிழமை ஏற்பாட்டை நிறுத்திவையுங்கள். பக்கத்துக்காரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நான்கு கன்றுகளும் ஒரே வயது இல்லை. ஐந்து வாரக் கன்றுக்கும் ஒன்பது மாதக் காளைக்கும் ஒரே கருவி, ஒரே நாள் என்பது சரிவராது. அந்த ஒன்பது மாதக் காளைக்குச் சாதாரண ரப்பர் வளையம் போட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அந்தப் பெரியவனைக் கிடேரிகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். நல்ல புல் மேய்ந்து வளர்ந்த ஆங்கஸ் காளை எட்டு, ஒன்பது மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். விதைப்பையைச் சுற்றி ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். சுற்றளவு 28 சென்டிமீட்டரை நெருங்கிவிட்டால் அவன் சினைப்படுத்தக்கூடியவன் என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் கிடேரிகளில் எட்டு மாதம் தாண்டியவை இருந்தால் அவற்றில் சில ஏற்கெனவே சினையாக இருக்க வாய்ப்புண்டு. இடுப்பு விரியாத வயதில் சினை பிடித்தால் கன்று ஈனும்போது தாயும் கன்றும் சேர்ந்து தவிக்கும். காளையைப் பிரித்து ஆறு வாரம் கழித்து மருத்துவரை வரவழைத்து, கிடேரிகளுக்கு ஸ்கேன் மூலம் சினைப் பரிசோதனை செய்யுங்கள். வேண்டாத சினை என்றால் முதல் நான்கு மாதத்துக்குள் ஊசி போட்டுக் கலைப்பது எளிது. நாள் தள்ளிப்போனால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இப்போது அப்பா சொல்வதற்கு வருகிறேன். நானும் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவன்தான். கொங்கு நாட்டில் அவர் சொல்வது அனுபவத்தில் விளைந்த அறிவு. அங்கே காளையைக் காயடிப்பது வண்டிக்கும் ஏருக்கும். கழுத்து பருக்க வேண்டும், திமில் எழ வேண்டும், நுகத்தைத் தாங்கும் தோள் வேண்டும். இதையெல்லாம் கொடுப்பது விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். அது வேலையை முடிக்கும்வரை விட்டுவைத்து, அப்புறம் அடக்கத்துக்காகக் காயடித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைக்கப்போகிற மாட்டுக்கு அந்தக் கணக்கு சரி.

உங்கள் மாடு 20 மாதத்தில் விற்பனைக்குப் போகப்போகிறது. பால்பல் விழுந்து முதல் ஜோடிப் பல் முளைக்கவே ஏறக்குறைய இரண்டு வயது ஆகும். நாட்டு மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். ரெண்டு பல் போடும்வரை காத்திருந்தால் உங்கள் மாடு காளையாகவே இறைச்சிக்கூடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதோடு இறைச்சி மாட்டில் வாங்குகிறவர் தேடுவது தடித்த கழுத்தை அல்ல. முதுகிலும் இடுப்பிலும் சதையும், அதன்மேல் அளவான கொழுப்புப் படலமும்தான். காயடித்த மாடு கொழுப்பைச் சேர்க்கும். காளை சேர்க்காது, தின்றதைச் சதையாக்கும், மீதியை வேலியோரம் நடந்தே எரித்துவிடும். வெறும் புல்லில் வளரும் மாட்டுக்கு இது பெரிய வித்தியாசம். தானியம் கொட்டி வளர்க்கும் இடத்தில் காளைக்கும் கொழுப்பு ஏற்றிவிடலாம். கிப்ஸ்லாந்தின் குளிர்காலப் புல்லில் அது நடக்காது.

"முன்னாடி காயடிச்சா தேறாது" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பருவத்துக்கு வந்த பிறகு காளை காயடித்ததைவிட வேகமாக வளரும், அது நிச்சயம். ஆனால் பால் குடிக்கிற வயதில் இரண்டுக்கும் எடையில் பெரிய வேறுபாடு இராது. அந்த வயதில் கன்றை வளர்ப்பது தாயின் பாலும் புல்லும்தான். பால் மறக்கும்வரை விட்டுவைத்தால் கூடுதல் எடை கிடைக்கும் என்று இங்கேயும் நம்புகிறார்கள். அப்படிக் கிடைக்கிற கொஞ்சத்தையும் எட்டு, பத்து மாதத்தில் காயடித்த காயமும் வீக்கமும் வலியும் தின்றுவிடுகின்றன. ஆகவே இறைச்சி மாட்டுக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

உங்கள் மகள் கேட்டதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். காயடிக்காமலே வளர்க்க முடியாதா? முடியும். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் இளங்காளைகளைக் காயடிக்காமலே இறைச்சிக்கு வளர்க்கிறார்கள். நியூசிலாந்தில் பால்பண்ணைகளில் பிறக்கும் ஃபிரீசியன் காளைகளை அப்படியே வளர்த்து, கொழுப்புக் குறைந்த அந்த இறைச்சியை ஹாம்பர்கருக்காக அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அவர்களிடம் தனி மந்தை, மின்வேலி, ஒரே வயதுக் கூட்டம், நிலையான வாங்குபவர் எல்லாம் இருக்கிறது. கிடேரிகளும் தாய்மாடுகளும் காளையும் ஒரே வேலிக்குள் நிற்கிற சின்னப் பண்ணையில் என்ன நடக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள். மகன் தாய்மேல் ஏறுவான், தங்கைமேல் ஏறுவான். காளைகள் முட்டிக்கொண்டு காலை ஒடித்துக்கொள்ளும். வேலி உடையும். விற்பனைக்கு ஏற்றும் நாளில் ஒன்றன்மேல் ஒன்று தாவி, தசையில் சேர்ந்திருக்கும் சக்தியெல்லாம் கரைந்துபோகும். வெட்டிய பிறகு, புளிப்புத்தன்மையைக் காட்டும் இறைச்சியின் பிஎச் அளவு 5.7க்குக் கீழே இறங்காமல் கறுத்து நிற்கும், விலை போகாது. இதற்கெல்லாம் மேலே, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தைரியமாக நடந்து போகக்கூடிய மேய்ச்சலாக அது இருக்காது. பால் குடிக்கும்போது தலையைத் தடவிக் கொடுத்த கன்றுதான் ஒன்றரை வயதில் ஆளை முட்டுகிற காளையாக நிற்கும்.

அவளுடைய அழுகையில் உள்ள நியாயம் வேறு. வலிக்கும் என்பதுதான் அது. ஆமாம், எந்த முறையில் செய்தாலும், எந்த வயதில் செய்தாலும் வலிக்கும். ஐந்து வாரக் கன்றுக்கு வலி தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தில் கெவின் ஸ்டாஃபோர்ட், டேவிட் மெல்லர் ஆகியோரின் குழு காயடித்த கன்றுகளின் இரத்தத்தில், வலியிலும் பதற்றத்திலும் ஏறுகிற கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் அளவை எடுத்துப் பார்த்தது. மரத்துப்போகும் ஊசியை முன்கூட்டியே போட்டால் வளையம் போட்ட கன்றுகளில் அந்த ஏற்றம் ஏறக்குறைய இல்லாமலே போனது. கத்தியால் செய்த கன்றுகளுக்கு அந்த ஊசி மட்டும் போதவில்லை, வலி நிவாரணி ஊசியும் சேர்ந்தபோதுதான் அடங்கியது. அதனால் நான் எந்தப் பண்ணைக்குப் போனாலும் இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். மரத்துப்போக லிக்னோகெய்ன், அதன் வேகம் இறங்கிய பிறகு வருகிற வலிக்கு மெலாக்சிகாம். மெலாக்சிகாம் இரண்டு நாள் அளவுக்குத் தாங்கும். இங்கே இந்த மருந்துகளுக்கு ஆகிற செலவு ஒரு கன்றின் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

தேசியத் தரநிலை கேட்பது இதைவிடக் குறைவு. 2016ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய மாடுகள் நலத் தரநிலைகள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாட்டைக் காயடித்தால் வலி நிவாரணம் கட்டாயம் என்கின்றன. முதல் தடவையாகப் பட்டிக்கு ஓட்டி வரும் மாடுகளுக்கு, மாநிலம் அனுமதித்தால், 12 மாதம் வரை விலக்கு உண்டு. அது ஆயிரக்கணக்கான ஏக்கரில் காட்டு மாடு போல மேய்கிற வடக்குப் பண்ணைகளை மனதில் வைத்து எழுதியது, உங்களுக்கானது அல்ல. பிரிட்டனில் ரப்பர் வளையத்தை மயக்க மருந்து இல்லாமல் போடுவதற்குப் பிறந்த முதல் வாரம் வரைதான் அனுமதி. இரண்டு மாதம் தாண்டினால் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். எனக்கு அந்தச் சட்டம்தான் நியாயமாகப் படுகிறது.

இனி முறைகள். ரப்பர் வளையம் விதைப்பையின் கழுத்தில் இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. கீழே உள்ளது காய்ந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக விழுகிறது. இரத்தம் வராது, கருவி மலிவு, யாரும் கற்றுக்கொள்ளலாம் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கிறது. ஆனால் அது விழும்வரை வளையத்துக்குக் கீழே அழுகுகிற புண் இருக்கிறது, அந்தப் புண் வாரக்கணக்கில் நோகிறது. பிறந்து ஒரு நாள் முழுக்கச் சீம்பால் குடித்த பிறகு, இரண்டு வாரத்துக்குள் போட்டால் அந்தச் சின்ன விதைப்பை சுருக்கமாக முடிந்துவிடும். பெரிய கன்றில் உள்ளே தசையும் திசுவும் அதிகம். வளையம் முழுதாக இறுகாமல் தமனியில் இரத்தம் போய்க்கொண்டே இருந்து, சிரையில் திரும்ப முடியாமல் விதைப்பை வீங்கி அழுகும். காற்றுப் புகாத அந்த அழுகலில்தான் டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியின் கிருமி செழிக்கும். பெரிய மாடுகளுக்கென்று இழுத்து இறுக்கும் தடித்த பட்டைகள் விற்கிறார்கள். அவை கழுத்தை முழுதாக இறுக்கினாலும் புண்ணும் வலியும் நீளும், ரணஜன்னி ஆபத்தும் அப்படியே இருக்கும்.

பர்டிசோ கருவியை அப்பா கால்நடை மருந்தகத்தில் பார்த்திருப்பார். தோலைக் கிழிக்காமல் உள்ளே இருக்கும் விதை நாளத்தை மட்டும் நசுக்குகிற பெரிய இடுக்கி அது. இத்தாலியில் நெப்போலியோனே பர்டிசோ என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கியது, அவர் பெயரிலேயே உலகமெங்கும் வழங்குகிறது. கல்லாலும் கட்டையாலும் நசுக்கிய கொடுமையிலிருந்து நம் ஊர் மாடுகளைக் காப்பாற்றிய கருவி என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. திறந்த புண் இல்லை, ஈ மொய்க்காது. ஆனால் கை பழகியிருக்க வேண்டும். இரண்டு நாளங்களையும் தனித்தனியாக, ஒரே கோட்டில் வராமல் மேலும் கீழுமாக நசுக்க வேண்டும். இல்லாவிட்டால் தோலுக்குப் போகும் இரத்தமும் நின்று விதைப்பை முழுதும் கருகிவிடும். நாளம் நழுவிப் போவதும் சகஜம். ஆறு வாரம் கழித்துத் தடவிப் பார்த்து, இரண்டு விதையும் சுருங்கியிருக்கிறதா என்று உறுதி செய்தாக வேண்டும்.

கத்திமுறை பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் மருந்து போட்டுச் செய்தால் நான்கு மாதக் கன்றுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். விதைப்பையின் அடிப்பகுதியைத் திறப்பதால் நீர் தேங்காமல் வடியும், விதை இரண்டும் வெளியே வந்துவிட்டன என்று கண்ணால் பார்க்கலாம், புண் சுத்தமாக ஆறும். ஒரு எச்சரிக்கை: கத்தி எடுக்கும் முன் விதைப்பையைத் தடவி, இரண்டு விதையும் கீழே இறங்கியிருக்கிறதா, குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குடலிறக்கம் உள்ள கன்றைத் திறந்தால் குடல் வெளியே சரியும். ஒரு விதை மட்டும் வயிற்றிலேயே தங்கியிருந்தால், கீழே இருப்பதை எடுத்தாலும் அது காளையைப் போலவே நடந்துகொள்ளும். அப்படிப்பட்ட கன்றை யாரும் தொடாமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் நான்கு கன்றுகளுக்கு நான் சொல்வது இது.

ஐந்து வாரக் கன்றுகள் இரண்டும் வளையத்துக்கான காலத்தைத் தாண்டிவிட்டன. மருத்துவர் வரும் நாளில் கத்தியாலோ பர்டிசோவாலோ, இரண்டு மருந்தும் போட்டு முடித்துவிடலாம். தாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் கன்றுக்குப் பாதுகாப்பு வந்திருக்கும். உங்களிடம் குறிப்பே இல்லாததால் வரவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அன்றைக்கே ரணஜன்னிக்கான எதிர்ப்புச் சீரம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

நான்கு மாதக் கன்றுக்கு இன்றே '5-இன்-1' தடுப்பூசியின் முதல் தவணையைப் போடுங்கள். ரணஜன்னி, சப்பை நோய், ஆட்டில் துள்ளுமாரி என்று நாம் சொல்கிற நோயின் மாட்டு வடிவம், அதே கிளாஸ்டிரிடியம் என்ற கிருமி வகையால் வரும் இன்னும் இரண்டு நோய்கள் ஆகிய ஐந்துக்குமான ஊசி இது. நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணை. ஒரே தவணையோடு நிறுத்திவிட்டால் போட்டும் போடாத மாதிரிதான். இரண்டாம் தவணைக்குப் பத்து நாள் கழித்துக் கத்தியால் செய்யலாம். அப்போதும் ஆறு மாதத்துக்குள்தான் இருக்கும்.

ஒன்பது மாதக் காளைக்கும் இதே இரண்டு தவணை ஊசி, அப்புறம்தான் மற்றதெல்லாம். இவனைக் கட்டாயம் மருத்துவர்தான் செய்ய வேண்டும். கிரஷ் என்று இங்கே சொல்கிற இரும்புக் கூண்டில் நிறுத்தி, தூக்க மருந்து கொடுத்து, நாளத்திலும் தோலிலும் மரப்பு ஊசி போட்டு, இரத்தக் குழாயைக் கருவியால் நன்றாக நசுக்கிய பிறகே அறுப்பார். உங்களிடம் உறுதியான கூண்டு இல்லையென்றால் கிடைக்கும்வரை காத்திருங்கள். மரக்கட்டை வேலியில் கயிறு கட்டி இந்த வேலையைச் செய்யக் கூடாது, ஆளுக்கும் ஆபத்து. காயடித்த பிறகும் உடலில் மிச்சமிருக்கும் விந்தணுக்களால் சில வாரம் சினை பிடிக்க வாய்ப்பு இருப்பதால், ஆறு வாரம்வரை கிடேரிகளோடு சேர்க்காதீர்கள். இத்தனையும் வேண்டாம் என்றால் இன்னொரு வழி, இவனை மட்டும் தனியாக வைத்து இப்போதே காளையாக விற்றுவிடுவது. விலை குறையும். ஆனால் முதல் வருஷத்தில், கூண்டும் இல்லாமல், ஒரே ஒரு பெரிய காளைக்காக இவ்வளவு ஏற்பாடு செய்வதைவிட விற்பதே மேல் என்பதுதான் என் கருத்து. விற்பதற்கு முன் காதில் மின்னணு அடையாள வில்லை இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

செய்கிற நாளைப் பற்றியும் கொஞ்சம். கிப்ஸ்லாந்தில் மே, ஜூன் வந்துவிட்டால் ஈத் தொல்லை அடங்கிவிடும், சேறுதான் எதிரி. மழை இல்லாத இரண்டு மூன்று நாளைப் பார்த்து, காலையில் செய்யுங்கள். மாடு ஓட்டும் பட்டியில் சாணியும் சேறும் கலந்து கிடந்தால் முந்தின வாரமே வாரி எடுங்கள். தாய்மாட்டைக் கம்பிக்கு அந்தப் பக்கம், கன்று கண்ணில் படும்படி நிறுத்துங்கள். ஆங்கஸ் தாய், கன்று கத்தினால் ஆளைத் தூக்கி எறியத் தயங்காது. மரப்பு ஊசி போட்ட பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். ஊசியைப் போட்ட கையோடு கத்தியை எடுத்தால் ஊசி போட்டதற்கே பொருள் இல்லை. பால் மறக்க வைப்பதையும் காயடிப்பதையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். காயம் பட்ட கன்றுக்குத் தாயின் மடியைப் போல ஆறுதல் வேறில்லை.

முடிந்ததும் கன்றுகளைக் கொட்டிலில் அடைக்காமல், தாயோடு சுத்தமான புல்லில் விடுங்கள். நடந்தால் வீக்கம் வடியும். சொட்டுச் சொட்டாக இரத்தம் கொஞ்ச நேரம் வருவது பரவாயில்லை. விடாமல் ஒழுகினால் உடனே கூப்பிடுங்கள். மூன்றாம் நான்காம் நாள் வீக்கம் கூடுவதும் இயல்புதான். வீக்கம் வயிற்றுப் பக்கம் ஏறினாலோ, நாற்றம் வந்தாலோ, மேயாமல் ஒதுங்கி நின்றாலோ தாமதிக்காதீர்கள். ரணஜன்னி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், சில நேரம் அதற்கும் பிறகு. கால் விறைத்து நடப்பது, வால் தூக்கியபடி நிற்பது, வயிறு உப்புவது, கண்ணின் உள் இமை முன்னால் வருவது, வாய் திறக்க முடியாமல் போவது ஆகியவை அறிகுறிகள். அதனால் ஒரு மாதம் வரை தினம் ஒருமுறை கன்றுகளை எழுப்பி நடக்க வைத்துப் பாருங்கள். இந்தப் பொறுப்பை உங்கள் மகளிடம் கொடுக்கலாம், அப்பாவையும் கூடப் போகச் சொல்லுங்கள். மாடு நடக்கிற நடையில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

கொடுத்த மருந்துக்கெல்லாம் பெயர், தேதி, அளவு, எத்தனை நாளைக்கு இறைச்சிக்கு அனுப்பக் கூடாது என்பதைக் குறித்து வையுங்கள். விற்கும்போது அந்த ஏட்டைக் கேட்பார்கள். அடுத்த வருஷம் பிறக்கும் காளைக்கன்றுகளுக்கு முதல் வாரத்திலேயே, மரப்பு மருந்தும் மெலாக்சிகாமும் கொடுத்து வளையம் போட்டுவிடலாம். அதற்குத் தாய்மாடுகளுக்குக் கன்று ஈனும் முன் '5-இன்-1' முடித்திருக்க வேண்டும். இதுவரை எதுவும் போடாத மாடுகள் என்பதால் இரண்டு தவணை, இரண்டாவது ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு. மருத்துவரைக் கூப்பிடும்போது கிடேரிகளின் சினைப் பரிசோதனை, நான்கு கன்றுகள், தாய்மாடுகளின் தடுப்பூசி மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள், என்றைக்கு எதைச் செய்வது என்று அவரே தேதி போட்டுத் தருவார்.